அலமாரியில் பூட்டி வைத்த பொம்மை

(முன்னாள் மாணவ மாணவியர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"செவிலியர் கல்வியில் பாவனை விளையாட்டுகள்" என்று எனக்கு ஒரு தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், "இத்தனை வருஷம் நர்சு வேலை பார்த்துட்டு, கடைசியில விளையாட்டைப் பத்தியா பேசப் போற?" என்று கேட்டார். ஆமாம், விளையாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஏனென்றால் படிக்கிற காலத்தில் நாங்கள் விளையாடாமல் விட்டதற்கு வேறு யாரோ விலை கொடுத்தார்கள். அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தத் தலைப்பில் என்னால் பேச முடியாது.

நான் சித்தேரி மலையில் பிறந்தவள். தருமபுரி மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சந்தைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் எங்களுக்கு அரூர்தான். சாமையும் ராகியும் விதைக்கிற மலையாளிப் பழங்குடி மக்கள் நாங்கள். சின்னச் சின்ன ஊர்கள், ஒன்றுக்கொன்று நடைதூரம். பல ஊர்களுக்கு நெடுங்காலம் வண்டிப் பாதையே கிடையாது. உடம்புக்கு முடியாதவர்களைப் போர்வையில் தொட்டில் கட்டி, மூங்கிலில் கோத்து, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அப்படித் தூக்கிக்கொண்டு போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. நான் நர்சு படிக்கப் போனதற்கு அதுதான் காரணம்.

நாங்கள் படித்த நாளில் டெமான்ஸ்ட்ரேஷன் ரூமில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது, என் வயதுத் தோழிகளுக்கு ஞாபகம் இருக்கும். அதற்குள்ளே ஒரு குழந்தைப் பொம்மை, பக்கத்தில் ஒரு அம்பு பேக், அதற்கான சின்ன முகமூடி. அலமாரிக்குப் பூட்டு. சாவி ஆபீசில். பொம்மை கெட்டுப் போனால் வேறு வாங்க முடியாது, ஆடிட்டில் கேட்பார்கள் என்று எங்கள் டியூட்டர் அம்மா சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அன்றைய நிலைமை அப்படி. வருடத்துக்கு ஒரு முறை பொம்மையை வெளியே எடுப்பார்கள். டியூட்டர் செய்து காட்டுவார்கள். அறுபது பேர் சுற்றி நின்று பார்ப்போம். பிறகு ரெக்கார்டு நோட்டில் படம் வரைவோம். என் படத்துக்குப் பத்துக்கு ஒன்பது மார்க். தலையை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும், முகமூடி எங்கே உட்கார வேண்டும் என்று பரீட்சையில் பிசகாமல் எழுதினேன். கையால் மட்டும் ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

படிப்பை முடித்து இரண்டாவது வருஷம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மலையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் சின்ன கிளினிக்கில் வேலை. ஐப்பசி மாதம், விடாத மழை. ராத்திரி பத்து மணிக்கு மேல் அரிக்கேன் விளக்கோடு இரண்டு பேர் வந்து கூப்பிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். போய்ச் சேருவதற்குள் தலை தெரிந்துவிட்டது. பிரசவம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் குழந்தை அழவில்லை. உடம்பு துவண்டு கிடந்தது.

என் பையில் அம்பு பேக் இருந்தது. நான் படித்தவை எல்லாம் மண்டையில் வரிசையாக ஓடின. முகமூடியை எடுத்து வைத்து அழுத்தினேன். நெஞ்சு எழும்பவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். பக்கவாட்டில் புஸ் புஸ் என்று காற்று வெளியே போனது. முகமூடி கண்மேல் ஏறியிருக்கிறது, தலை முன்னால் மடிந்திருக்கிறது என்று இன்றைக்குச் சொல்லத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. கை நடுங்கியது. பிரசவம் பார்க்க வந்திருந்த ஆயா ஒருத்தி, "பயப்படாத கண்ணு, நிதானமாப் பண்ணு" என்றாள். எனக்கு நிதானம் வரவில்லை.

அந்தக் குழந்தை பிழைக்கவில்லை.

சரியாகச் செய்திருந்தால் பிழைத்திருக்குமா என்று பிறகு எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என்னால் சொல்ல முடியாது. முகமூடி பொருந்தவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடிந்ததும் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

என் முதல் தவறு அந்தக் கண்ணாடி அலமாரிக்குள் இருந்த பொம்மையிடம் நடந்திருக்க வேண்டியது. நாற்பது தடவை பொம்மையிடம் தப்பாகச் செய்துவிட்டு, நாற்பத்தோராவது தடவை சரியாக அந்தக் குடிசைக்குள் நுழைந்திருக்க வேண்டும். இன்று நான் பேச வந்ததும் இந்த ஒரு விஷயம்தான். நர்சாகப் போகிற ஒரு பிள்ளைக்குத் தப்புப் பண்ண ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்குத்தான் பாவனை விளையாட்டு என்று பெயர். இப்போதைய பிள்ளைகள் சிமுலேஷன் என்கிறார்கள்.

பொம்மைக்காரர்கள் கொடுத்த பாடம்

இது ஏதோ கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த புதுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் ஆஞ்செலிக் து கூத்ரே என்றொரு மருத்துவச்சி இருந்தார். கிராமங்களில் தாயும் பிள்ளையும் செத்துப் போவதைத் தடுக்க, ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக் கொடுக்கும்படி 1759-இல் பதினைந்தாம் லூயி மன்னர் அவருக்கு ஆணை கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு எப்படிக் கற்றுக் கொடுப்பது? துணியாலும் தோலாலும் பஞ்சாலும் தாயின் இடுப்பளவு ஒரு பொம்மை தைத்தார். அதற்குள் ஒரு குழந்தைப் பொம்மை. அதைத் தூக்கிக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் நாடெல்லாம் சுற்றி ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தலை திரும்பியிருந்தால் என்ன செய்வது, கால் முதலில் வந்தால் என்ன செய்வது என்பதை எல்லாம் அந்தப் பெண்கள் கையால் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அவர் தைத்த பொம்மைகளில் ஒன்று பிரான்சின் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

அடுத்தது 1911. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளிக்கு, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கவும் உடம்பு துடைக்கவும் கற்றுக் கொடுக்க ஆள் அளவில் ஒரு பொம்மை வேண்டியிருந்தது. செய்து கொடுத்தவர் மார்த்தா சேஸ். குழந்தைகள் விளையாடும் துணிப் பொம்மை செய்து விற்றுக்கொண்டிருந்த அம்மையார். "மிசஸ் சேஸ்" என்று அந்தப் பொம்மைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பிறகு 1960-இல் நார்வேயில் ஆஸ்மண்ட் லேர்டால், வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கப் பழகுவதற்கு ஆனி என்ற பொம்மையைச் செய்தார். அவரும் விளையாட்டுச் சாமான் கம்பெனி நடத்தியவர். நம் தொழிலுக்குப் பொம்மையைக் கொண்டுவந்து சேர்த்ததில் டாக்டர்களுக்கு இருக்கிற பங்கு பொம்மைக்காரர்களுக்கும் இருக்கிறது.

நம் ஊரில் மட்டும் என்ன? சொப்பு வைத்துச் சோறாக்கி விளையாடாத பெண் குழந்தை உண்டா? பல்லாங்குழியில் எண்ணக் கற்றோம். பரமபதத்தில் பாவ புண்ணியம் கற்றோம். நர்சிங் பள்ளிக்குள் காலை வைத்ததும் விளையாட்டு நின்று ரெக்கார்டு நோட்டு ஆரம்பித்துவிட்டது.

நாங்கள் விளையாடிய மூன்று விளையாட்டுகள்

பின்னாளில் நானும் டியூட்டர் ஆனேன். என் வகுப்பில் பல வருஷம் விளையாடிப் பார்த்த மூன்று விளையாட்டுகளைச் சொல்கிறேன். மூன்றும் செலவு குறைந்தவை. நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதல் விளையாட்டுக்கு நாங்கள் வைத்த பெயர் "ஒரு நிமிஷம்". குழந்தை பிறந்து அழவில்லை என்றால், துடைத்து, முதுகைத் தடவிப் பார்த்து, அப்போதும் மூச்சு வரவில்லை என்றால் முதல் ஒரு நிமிஷத்துக்குள் அம்பு பேக் வைத்துவிட வேண்டும். உலகம் முழுவதும் இதைப் பொன்னான நிமிடம் என்கிறார்கள். முகமூடி வாயையும் மூக்கையும் தாடை நுனியையும் மூட வேண்டும், கண்ணைத் தொடக் கூடாது. தலை லேசாகப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். நிமிஷத்துக்கு நாற்பதிலிருந்து அறுபது தடவை. நெஞ்சு எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் பாடம். விளையாட்டு எங்கே வருகிறது என்றால், நான் டியூப்லைட்டை அணைத்துவிடுவேன். ஒரு டார்ச் லைட்தான். ஒரு பிள்ளை தாய், ஒரு பிள்ளை மாமியார், ஒரு பையன் கதவருகே நின்று "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் புருஷன். தேவையான சாமானில் ஒன்றை வேண்டுமென்றே பையின் அடியில் போட்டு வைப்பேன். கடிகாரம் ஓடும். வெளிச்சத்தில் அழகாகச் செய்த பிள்ளைகள் முதல் தடவை ஒருத்தர் விடாமல் தடுமாறுவார்கள். மூன்றாவது தடவை பாதிப் பேருக்குக் கை படியும். பத்தாவது தடவை மாமியார் என்ன கத்தினாலும் கை தன் வேலையைப் பார்க்கும்.

இரண்டாவது விளையாட்டு "எத்தனை மில்லி?" பிரசவத்துக்குப் பிறகு அரை லிட்டர் ரத்தம் போய்விட்டால் ஆபத்து என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். ஆனால் ரத்தம் அளவுக் குவளையில் வருவதில்லை. பழைய சேலையிலும் சாக்கிலும் மண் தரையிலும் வருகிறது. சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை அளந்து எடுத்து, பழைய பருத்திச் சேலையில் கொஞ்சம், பஞ்சில் கொஞ்சம், சாணி மெழுகிய தரையில் கொஞ்சம் என்று ஊற்றி வைப்பேன். ஒவ்வொருவரும் சீட்டில் அளவை எழுதிப் போட வேண்டும். பெரும்பாலும் குறைத்துத்தான் எழுதுவார்கள். அதிகமாகப் போகப் போக, கண் இன்னும் குறைத்துச் சொல்லும். சாயத் தண்ணீரில் இந்தப் பாடம் ஒரு தடவை ஏறிவிட்டால், "கொஞ்சம்தான் போகுது சிஸ்டர்" என்று யார் சொன்னாலும் அந்தப் பிள்ளை தானே சேலையைத் தூக்கிப் பார்க்கும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. "புளியங்கொட்டை". வகுப்பறைத் தரையில் சாக்பீசால் ஒரு வரைபடம் போடுவோம். மேலே ஒரு குடிசை. அங்கிருந்து ஒற்றையடிப் பாதை, ஓடை, ஜீப் வந்து நிற்கிற இடம், ஆரம்ப சுகாதார நிலையம், கீழே அரூர் அரசு மருத்துவமனை. ஒவ்வொரு குழுவுக்கும் பன்னிரண்டு புளியங்கொட்டை. ஒரு கொட்டை பத்து நிமிஷம். பன்னிரண்டும் சேர்ந்தால் இரண்டு மணி நேரம். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தாவிட்டால் நல்ல திடமான பெண்ணும் இரண்டு மணி நேரத்தில் இறந்துவிடக்கூடும் என்பதால் அந்தக் கணக்கு. சீட்டுக் கட்டிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுக்க வேண்டும். "மாமனார் காட்டுக்குப் போயிருக்கிறார், அவர் வந்துதான் முடிவு சொல்ல வேண்டும், மூன்று கொட்டை." "டவர் கிடைக்கவில்லை, மேட்டில் ஏறிப் பேச வேண்டும், இரண்டு கொட்டை." "ஓடையில் தண்ணீர், மூன்று கொட்டை." ஆக்சிடாசின் ஊசி போட்டு, கர்ப்பப்பையைத் தடவிக் கெட்டிப்படுத்தத் தெரிந்த குழுவுக்கு நாலு கொட்டை திரும்பக் கிடைக்கும்.

இதை விளையாடிய ஒவ்வொரு வகுப்பும் ஒரே இடத்தில் திகைத்து நின்றது. பாதி கொட்டைகள் குடிசையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே தீர்ந்துவிடும். தாய்மார் இறப்புக்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று 1994-இல் சரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இதைப் போர்டில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் காப்பி பண்ணிக்கொள்வார்கள். கையிலிருக்கிற கொட்டை குறைவதைக் கண்ணால் பார்த்தால் எழுந்து நின்று சண்டை போடுவார்கள்.

ஒரு வருஷம் ஒரு பெண் கேட்டாள். "மேடம், எட்டாம் மாசமே வீட்டுக்குப் போயி, யார் கூட வர்றது, எந்த ஜீப்பு, யாருக்கு போன் பண்றதுன்னு பேசி வச்சிருந்தா, எங்களுக்கு எத்தனை கொட்டை கூடக் குடுப்பீங்க?" கர்ப்பகால வீட்டு விசிட்டில் என்ன பேச வேண்டும் என்று நான் இரண்டு மணி நேரம் பாடம் எடுத்தும் வராத கேள்வி அது. அன்றிலிருந்து "முன்கூட்டிப் பேசி வைத்தது" என்று ஒரு சீட்டும் கட்டில் சேர்ந்தது. அதற்கு ஐந்து கொட்டை.

2008-இல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு சில சீட்டுகளை மாற்றினோம். மலைப்பகுதிகளில் பேறுகாலத்துக்கு முன்பே தாய்மார் வந்து தங்கக் காத்திருப்பு அறைகள் வந்ததும் இன்னும் சிலவற்றை மாற்றினோம். ஊர் மாறினால் விளையாட்டும் மாற வேண்டும். சென்னைக்கு எழுதிய சீட்டு சித்தேரிக்கு உதவாது.

விளையாட்டு முடிந்த பிறகு

தோழிகளே, இவ்வளவு நேரம் விளையாட்டைச் சொன்னேன். பாதிப் படிப்பு அதற்குப் பிறகுதான் இருக்கிறது. பத்து நிமிஷம் விளையாடினால் இருபது நிமிஷம் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். மூன்று கேள்விகள் போதும். என்ன நடந்தது? ஏன் அப்படிச் செய்தாய்? அடுத்த தடவை என்ன செய்வாய்?

சட்டம் ஒன்றே ஒன்று. யாரும் யாரையும் திட்டக் கூடாது. முக்கியமாக டியூட்டர் திட்டக் கூடாது. இது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நாம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். டிரே விழுந்தால் திட்டு, தொப்பி கோணினால் திட்டு. திட்டுக்குப் பயந்த பிள்ளை தப்பை மறைக்கும். டியூட்டரிடம் மறைக்கப் பழகிய பிள்ளை நாளைக்கு வார்டில் டாக்டரிடமும் மறைக்கும். ஒரு தடவை, எப்போதும் முதல் மார்க் வாங்குகிற பெண் ஒருத்தி, விளையாட்டின் நடுவே "ஊசி போட்டாச்சு" என்று சொன்னாள். சிரிஞ்சைத் தொடவே இல்லை. நான் பார்த்துவிட்டேன். பழைய பழக்கத்தில் வாய் துடித்தது. அடக்கிக்கொண்டு வட்டத்தில் உட்கார்ந்ததும், "ஊசி போட்டப்போ என்ன நினைச்சேம்மா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "போடலை மேடம். மருந்து எங்க இருக்குன்னு தெரியலை. கேட்டா தெரியாதவன்னு நினைப்பாங்கன்னு பயம்" என்றாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் "எனக்குத் தெரியலை, காட்டுங்க" என்று கேட்க யாரும் கூச்சப்படவில்லை.

இன்னொரு நாள், தாயாக நடித்துப் படுத்திருந்த பெண்ணிடம் கடைசியாக, "உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "எல்லாரும் நல்லாத்தான் பண்ணாங்க மேடம். ஆனா என்கிட்ட ஒருத்தரும் பேசவே இல்லை. குழந்தை இருக்கா இல்லையான்னு கூட யாரும் சொல்லலை" என்றாள். ஐந்து பேர் அவளைச் சுற்றி நின்று வேலை செய்திருக்கிறார்கள். எனக்கு அந்த மழை ராத்திரி ஞாபகம் வந்தது. அந்தத் தாயிடம் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இது சரிப்பட்டு வருமா?

சிலர் கேட்பார்கள்: பொம்மைக்கு வலிக்காது, அதனிடம் கற்றவள் உயிருள்ள நோயாளியிடம் எப்படி நடந்துகொள்வாள்? நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து நர்சிங் கல்லூரிகளில், வார்டுப் பயிற்சி நேரத்தில் கால் பங்கையும் பாதியையும் எடுத்துவிட்டுப் பாவனைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். படிப்பை முடித்த 666 மாணவர்களை ஒப்பிட்டபோது, வழக்கமான முறையில் படித்தவர்களுக்கு இவர்கள் எந்த விதத்திலும் குறைந்துபோகவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. அங்கே சொல்லிக் கொடுத்தவர்கள் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள், விளையாட்டுக்குப் பின் முறையாக உட்கார்ந்து பேசினார்கள். பொம்மையை மட்டும் வாங்கி வைத்தால் அந்தப் பலன் வராது.

அது பணக்கார நாடு என்பீர்கள். பிகாரைப் பாருங்கள். 2015 முதல் 2017 வரை அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு நர்சுகளே போய், அங்குள்ள நர்சுகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு நர்சு, நடுவில் கிழிசல் வைத்துத் தைத்த ஒரு தளர்ந்த கால்சட்டையை உடுத்திக்கொள்வார். அதற்குள் ஒரு குழந்தைப் பொம்மை, ஒரு சிவப்புத் தண்ணீர்ப் பை. அவரே தாய். அவர் வேலை பார்க்கிற அதே லேபர் ரூமில், அதே கட்டிலில், அங்கே இருக்கிற சாமானை வைத்தே பிரசவம் நடக்கும். சாமான் இல்லையென்றால் இல்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும். து கூத்ரே அம்மையாரின் துணிப் பொம்மை சுற்றிச் சுற்றி பிகாருக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பொம்மை எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பிரசவ வலியில் ஒரு தாய் உங்கள் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிற பிடியைப் பொம்மையால் கொடுக்க முடியாது. சாகக் கிடக்கிற பெரியவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிற வித்தையை எந்த விளையாட்டும் சொல்லித் தராது. வார்டு வார்டுதான். ஆனால் கை நடுங்காமல் வார்டுக்குள் போனால்தான் அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்க்க உங்களுக்குக் கண் இருக்கும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

2021-இல் இந்திய நர்சிங் கவுன்சில் அறிவித்த புதிய பி.எஸ்ஸி. நர்சிங் பாடத்திட்டத்தில் பாவனைப் பயிற்சியையும் செய்முறைக் கூடத்தையும் சேர்த்துவிட்டார்கள். ஆகவே இன்று எல்லாக் கல்லூரியிலும் ஒரு அறை இருக்கும், பொம்மைகளும் இருக்கும். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்கள் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். என் கவலை வேறு. அந்த அறை சாயங்காலம் திறந்திருக்குமா? ஒரு பிள்ளைக்கு நாற்பது தடவை தப்பாகச் செய்து பார்க்க நேரம் கிடைக்குமா? அல்லது பெரிய அலமாரியும் பெரிய பூட்டும் வந்திருக்கிறதா?

நம் சங்கத்தில் நினைவு வளைவு ஒன்று கட்டலாம் என்று பேச்சு நடக்கிறது. நானும் என் பங்கைக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். இன்று மேடையேறிவிட்டதால் தைரியமாகக் கேட்கிறேன். தலைவர் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வளைவைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா? அந்தப் பணத்தில், பயிற்சி அறையைச் சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை திறந்து வைக்க ஒரு ஆளுக்குச் சம்பளம், உடைந்தால் மாற்ற நாலு பொம்மை, இரண்டு டியூட்டர்களுக்கு முறையான பயிற்சி, இவ்வளவும் செய்யலாம். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற நாம் வாரத்துக்கு ஒருத்தராக வந்து உட்காரலாம். தாயாகப் படுக்கலாம், மாமியாராகக் கத்தலாம். மாமியாராகக் கத்துவதற்கு நம்மில் பலருக்கு இப்போது நல்ல பயிற்சி இருக்கிறது.

உடைந்த பொம்மைக்கு யாரிடமும் அபராதம் வாங்கக் கூடாது என்பதையும் தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். உழைத்துத் தேய்ந்த பொம்மை நமக்குப் பெருமை.

தம்பி தங்கைகளே, கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் சிட்லிங்கி என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் அங்கே வந்து, ஓலைக் குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். அப்போது அந்தப் பகுதியில் பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. பிறகு அது பல மடங்கு குறைந்தது. குறைத்ததில் பெரும் பங்கு அந்த மலை ஊர்களிலிருந்தே வந்து பயிற்சி பெற்ற பெண்களுக்கு உண்டு. பெரிய படிப்பு இல்லாத பெண்கள். திரும்பத் திரும்பச் செய்து செய்து கையில் ஏற்றிக்கொண்டவர்கள். அவர்களால் முடிந்தது உங்களால் முடியாதா?

நீங்கள் எங்கே வேலைக்குப் போவீர்கள் என்று எனக்குத் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வெளிநாட்டுக்குப் போகலாம். எங்கே போனாலும் ஒரு ராத்திரி வரும். பக்கத்தில் டாக்டர் இருக்க மாட்டார், சீனியர் இருக்க மாட்டார். நீங்களும் உங்கள் கையும்தான். அந்தக் கைக்கு அந்த வேலை ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இன்றைக்கு விளையாடச் சொல்கிறேன். நாளைக்குப் போய் உங்கள் டியூட்டரிடம் அறைச் சாவியைக் கேளுங்கள். "எதுக்கு?" என்று கேட்டால், "தப்புப் பண்ணிப் பார்க்க" என்று சொல்லுங்கள்.

அந்த மலை வீட்டில் இரண்டு வருஷம் கழித்து இன்னொரு பிரசவம் நடந்தது. அதற்குள் நான் ஒரு பழைய பிளாஸ்டிக் பொம்மையைச் சந்தையில் வாங்கி, கழுத்தை அறுத்துத் துணி வைத்துத் தைத்து, கிளினிக்கில் ராத்திரி ராத்திரியாகத் தலையைச் சாய்த்து முகமூடி வைத்துப் பழகியிருந்தேன். இந்தக் குழந்தையும் உடனே அழவில்லை. இந்தத் தடவை நெஞ்சு எழும்பியது. கொஞ்ச நேரத்தில் வீறிட்டு அழுதது. அதே ஆயா பக்கத்தில் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை, என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

அந்தப் பழைய பொம்மை இன்னும் என் வீட்டில் இருக்கிறது. நம் பயிற்சி அறை திறக்கிற அன்று கொண்டுவந்து கொடுக்கிறேன். பூட்டு மட்டும் போடாதீர்கள்.